சாட்சியின் தொழில்: புத்தகம் படிப்பது

துப்பிக் விரிகுடா
பிப்ரவரி 12, திங்கள்

மதிப்பிற்குரிய திருமதி மெக்கார்வி அவர்களுக்கு,

வணக்கம். தலைநகரில் நீங்களும் உங்கள் அலுவலகத்தில் உள்ளவர்களும் நலம் என்று நம்புகிறேன். இங்கே என் அப்பாவின் வலது தோளைத் தவிர மற்ற எல்லாம் நலம்.

என் பெயர் சியாசி. எட்டாம் வகுப்பு படிக்கிறேன். வடகோடிப் பனிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் தண்ணீர் லாரி ஓட்டும் லூகாசி என் அப்பா. ஜனவரி 9 அன்று எங்கள் பள்ளித் தொட்டியை நிரப்ப வந்தபோது வழுக்கி விழுந்து தோளில் அடிபட்டதற்காக உங்களிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தார். நீங்கள் மறுத்து எழுதிய பதில் வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்தது. அப்பா அதைப் படித்து, நான்காக மடித்து, ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தார். எங்கள் வீட்டில் ரொட்டி டப்பாவுக்கு அடியில் போன காகிதம் முடிந்துபோன விஷயம். நானும் என் அம்மா லிபீக்காவும் அதை எடுத்துப் படித்தோம். (குழப்பம் வராமல் இருக்க, அவரை இந்தக் கடிதத்தில் லிபீக்கா என்றே எழுதுகிறேன். ஏன் குழப்பம் வரும் என்பது அடுத்த பத்தியில் இருக்கிறது.)

மறுப்புக்கு நீங்கள் சொன்ன முதல் காரணம் சாட்சி. விபத்தைப் பார்த்தவர் யார் என்ற கேள்விக்கு அப்பா எழுதியிருப்பது: பெயர், சியாசி. உறவு, அம்மா. தொழில், புத்தகம் படிப்பது. நீங்கள் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, லூகாசியின் தாயார் சியாசி பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார், ஆகவே அவர் எதையும் பார்த்திருக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த அம்மா நான்தான்.

அப்பாவின் அம்மா இறந்து ஆறு வாரம் கழித்து நான் பிறந்தேன். அவர் பெயரை எனக்கு வைத்தார்கள். எங்கள் மக்களிடம் பெயர் திரும்பி வந்தால் ஆளே திரும்பி வந்த மாதிரி. அதனால் அப்பா என்னை அம்மா என்று கூப்பிடுகிறார். செல்லத்துக்காக இல்லை, வேறு எப்படியும் அவர் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. லிபீக்காவுக்கு நான் மாமியார். "மாமியாரே, தட்டெல்லாம் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு" என்பார். அப்பாவுக்குத் தம்பி முறையான ஜெய்பிட்டி கழிவுநீர் லாரி ஓட்டுகிறார். நாற்பத்திரண்டு வயது. அவருக்கு நான் பெரியம்மா. எதிர்வீட்டுக்காரர் என்னோடு பேசுவதே இல்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் அவரிடம் நான் வாங்கிய தோல் சீவும் கத்தியைத் திருப்பித் தரவில்லையாம்.

ஆகவே அப்பா பொய் எழுதவில்லை. உறவு கேட்டீர்கள், உறவை எழுதினார். நான் பள்ளியில் இருந்த நேரத்தில் தனியாக உட்கார்ந்து படிவத்தை நிரப்பியதுதான் அவர் செய்த தவறு. சாட்சியின் வயது என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும், அல்லது இன்னும் குழம்பியிருக்கும்.

இரண்டாவது காரணம் தொலைபேசி விசாரணை. பதினோரு கேள்விகளில் ஒன்பதுக்குத் தொழிலாளி பதில் சொல்ல மறுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்திருந்த நான், போன் ஸ்பீக்கரில் இருக்க, மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒன்பது கேள்விகளுக்கும் பதில் சொன்னார். நாங்கள் ஆமாம் என்பதற்குப் புருவத்தை உயர்த்துவோம். இல்லை என்பதற்கு மூக்கைச் சுருக்குவோம். நீங்கள் "வழுக்கியதா?" என்று கேட்டபோது அவர் புருவம் தொப்பிக்குள் போய்விட்டது. அவ்வளவு உறுதியான ஆமாம். அது தொலைபேசி என்பது அவருக்கு நினைவில்லை. எனக்கும்தான் நினைவில்லை, நீங்கள் ஏன் "ஹலோ, ஹலோ" என்று கத்துகிறீர்கள் என்று நாங்கள் இருவரும் வியந்தோம்.

அவர் வாயால் சொன்ன இரண்டு பதில்களில் ஒன்று வலியைப் பற்றியது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை, பத்து என்றால் நீங்கள் கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான வலி என்றீர்கள். அப்பாவுக்குக் கற்பனை வளம் அதிகம். வால்ரஸ் தந்தம் குத்துவது, விரிசல் விட்ட கடல் பனிக்கட்டி, லிபீக்காவின் தம்பி பல் பிடுங்கியது எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்துவிட்டு "ரெண்டு" என்றார். அதற்குப் பதிலாக நான் கவனித்ததை எழுதுகிறேன்: அவரால் வலது கையால் தன் கோட்டின் தலைமூடியை இழுத்துவிட முடியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்குகிறார். மீன் வெட்டும் வேலையை லிபீக்காவிடம் கேட்காமலே விட்டுக்கொடுத்துவிட்டார். இது கடைசியாக நடந்தது அவர்களுக்குக் கல்யாணமான வாரத்தில்.

இனி நான் பார்த்தது. பள்ளி நூலகத்தின் இரண்டாவது ஜன்னல் குழாய் மேடைக்கு நேராக இருக்கிறது. தொட்டி நிரம்பியதும் குழாயிலிருந்து மிச்சத் தண்ணீர் வழிந்து மேடையில் உறைந்துவிடும். நவம்பரிலிருந்து உறைந்து உறைந்து அந்தப் பனிக்கட்டி ஒரு தலையணை உயரத்துக்கு வளர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அப்பா கனமான ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாவது படியில் கால் வைத்தார். இரண்டு காலும் ஒரே நேரத்தில் போய்விட்டன. குழாய் அவர் கையை ஒரு பக்கம் இழுக்க, அவர் மறுபக்கம் விழுந்தார். நான் வெளியே ஓடினேன். அவர் எழுந்து சிரித்தார். இங்கே விழுந்தவர்தான் முதலில் சிரிக்க வேண்டும். பிறகு மீதி ஒன்பது வீடுகளுக்கும் தண்ணீர் நிரப்பிவிட்டு வந்தார். ஒன்பது வீட்டுத் தொட்டிகளும் காலியாக இருந்தன.

மூன்றாவது காரணம், ஜனவரி 9 அன்று விழுந்தவர் ஏன் பதின்மூன்று நாள் கழித்து, ஜனவரி 22 அன்று தெரிவித்தார் என்பது. இதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஆனால் அது என்னுடைய பதில் மட்டும் இல்லை. தெரியாத கேள்வியைத் தேர்வில் விட்டிருக்கிறேன். தெரிந்த கேள்வியை விடுவது இதுதான் முதல் தடவை.

மார்ச் 4 அன்று அப்பா வேலைக்குத் திரும்ப வேண்டும். நீங்கள் ஏற்றுக்கொண்டால் மட்டுமே அவருக்கு விடுப்பு நீளும், தெற்கே தோள் மருத்துவரிடம் சிகிச்சையும் கிடைக்கும். அதற்கு முன் மறுபடி குழாயைத் தூக்கினால் அந்தக் கை இனி தோளுக்கு மேலே போகாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அப்பா "சரி" என்று கேட்டுக்கொண்டு பூட்ஸுக்கு எண்ணெய் போடுகிறார். ஆகவே தயவு செய்து மார்ச் 4-க்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

நான் உங்கள் சட்டத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை கதை போலப் படித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. சாட்சிக்குக் குறைந்தபட்ச வயது எங்கும் சொல்லப்படவில்லை.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சியாசி (சாட்சி)

இணைப்பு: என் பிறப்புச் சான்றிதழ், புருவ மூக்குப் பதில்களின் பட்டியல், மேடையிலிருந்து பெயர்த்த பனிக்கட்டி ஒரு பாட்டில்.

*

துப்பிக் விரிகுடா
பிப்ரவரி 26, திங்கள்

மதிப்பிற்குரிய திருமதி மெக்கார்வி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பதில் கிடைத்தது. மறுவிசாரணைக்கு ஒப்புக்கொண்டதற்கும், வியாழக்கிழமை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைப்பில் வைப்பதற்கும், புருவத்தை நான் வாய்விட்டுச் சொல்ல அனுமதித்ததற்கும் மிக்க நன்றி.

பாட்டிலில் தண்ணீர்தான் இருந்தது என்றும், அதுவும் பாதிதான் இருந்தது என்றும், மீதி என் பிறப்புச் சான்றிதழில் இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். இங்கே அஞ்சல் அலுவலகத்தில் கொடுக்கும்வரை அது பனிக்கட்டிதான். அஞ்சல்காரர் கையெழுத்திட்டுத் தரத் தயாராக இருக்கிறார். தெற்கே போனால் சாட்சியம் உருகிவிடும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட சாட்சி வாக்குமூலத்தை இணைத்திருக்கிறேன். பதினாலு பக்கம் எழுதினேன். எங்கள் ஆசிரியை அதை இரண்டு பக்கமாக்கிவிட்டார். நூலகத்தில் அப்போது நான் என்ன புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன் என்பதை அவர் எடுத்துவிட்டது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அப்பாவுக்குப் பதிலாக இப்போது ஜெய்பிட்டிதான் இரண்டு லாரிகளையும் ஓட்டுகிறார். காலையில் கழிவுநீர், மதியத்தில் குடிநீர். ஊரில் எல்லோரும் டீயை மோந்து பார்த்துக் குடிக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அவர் ஊர் வானொலிக்கே போய், "லாரி வேற, குழாய் வேற, கையுறையும் வேற. மூக்கு மட்டும்தான் ஒண்ணு. தைரியமா டீ போடுங்க" என்று அறிவித்தார். அதற்குப் பிறகு சந்தேகம் இல்லாதவர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

ஆனால் நான் எழுத வேண்டியது இதுவல்ல. பதின்மூன்று நாள் எதற்காக என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். பதில் இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் முடிவை மாற்ற இயலாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு நான் இரண்டு நாள் எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. லிபீக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

எங்கள் ஊர் மன்ற அலுவலக வாசலில் ஒரு பலகை இருக்கிறது. "விபத்தில்லா நாட்கள்" என்று எழுதி அதன் கீழே எண். நிர்வாகி திரு. பென்ஃபோல்ட் தினமும் காலையில் முந்தின எண்ணைத் தன் கைக்குட்டையால் அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார். ஐந்நூறு ஆனால் மன்றத்தில் வேலை செய்யும் பதினோரு பேருக்கும் சிவப்புக் கோட்டு என்று அவர் சொல்லியிருந்தார். நடுவில் யாருக்காவது அடிபட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்பா விழுந்த அன்று பலகையில் 489.

கோட்டுகள் கிறிஸ்துமஸுக்கு முன்பே விமானத்தில் வந்துவிட்டன. லாரிக் கொட்டகையில் பெட்டி பெட்டியாக இருந்தன. ஒவ்வொன்றின் மார்பிலும் அவரவர் பெயர், முதுகில் வெள்ளை நூலில் "விபத்தில்லா நாட்கள்" என்றும் அதன் கீழே பெரிதாக 500 என்றும் தைத்திருந்தது. எல்லோரும் ஒரு தடவையாவது ரகசியமாகப் போட்டுப் பார்த்திருந்தார்கள். அதனால் அப்பா பதினோரு நாள் இடது கையால் குழாயை இழுத்தார். ஜனவரி 20 சனிக்கிழமை சமூகக் கூடத்தில் விருந்து நடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா ஒரு கையால் தொடையில் தட்டினார். ஞாயிறு அன்று அவரால் சட்டையைக் கழற்ற முடியவில்லை. திங்களன்று லிபீக்கா அவரை நர்ஸிடம் இழுத்துக்கொண்டு போனார்.

நேற்று ஜெய்பிட்டி டீ குடிக்க வந்தார், சிவப்புக் கோட்டில்தான். அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். அவர் மெதுவாகப் படித்தார்.

"பெரியம்மா, எழுதிராதே" என்றார். "பதினோரு பேரு கோட்டு. அதைப் போட்டுக்கிட்டு சர்ச்சுக்கெல்லாம் போயிட்டோம்."

அப்பா மூக்கைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "விடும்மா. கைதானே" என்றார்.

லிபீக்கா ரொட்டிமாவுக் கையோடு திரும்பினார். "கைதானேயா? காலு போனா நொண்டிக்கிட்டாவது நீ வேட்டைக்குப் போயிருவே. கை இல்லாம ரைஃபிளை வாயில புடிப்பியா? மாமியாரே, உங்க புள்ளைய நீங்க ஒழுங்கா வளத்திருந்தா எனக்கு இந்தத் தொல்லை இல்ல."

"அவங்க நல்லாத்தான் வளத்தாங்க. கல்யாணத்துக்கு அப்புறம்தான் கெட்டுப் போனேன்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். கை சரியாகத்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக அவர் வலது கையால் டீக் கோப்பையை எடுத்தார். கோப்பை மார்பு வரை வந்து நின்றது. அதற்கு மேலே போகவில்லை. அவர் குனிந்து கோப்பையிடம் போனார். பாதி டீ தாடியில் போயிற்று.

ஜெய்பிட்டி சிரிப்பதற்கு வாயைத் திறந்தார், சிரிக்கவில்லை. "இவ்வளவா?" என்று கேட்டார். அப்பா கோப்பையை இடது கைக்கு மாற்றினார். "அண்ணே, இவ்வளவுன்னு எனக்கு ஏன் சொல்லல? நான் உன் முன்னாடியே இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஆடினேனே." அவர் எழுந்து கோட்டைக் கழற்றினார். உள்ளே பழைய பனியன். அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. கோட்டைக் கழற்றாததற்கு அதுவும் ஒரு காரணம் போலிருக்கிறது.

பிறகு என்னிடம் திரும்பினார். "எழுது, பெரியம்மா. ஆனா என்னைப் பத்தி நல்லதா நாலு வரி சேத்து எழுது."

அந்த நாலு வரி: ஜெய்பிட்டி நல்லவர். அவர் இரண்டு லாரி ஓட்டுகிறார். அவருடைய கையுறைகள் உண்மையிலேயே வேறு வேறு. அவர் இதை எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன்.

திரு. பென்ஃபோல்டும் கெட்டவர் இல்லை. எங்கள் யாருக்கும் அடிபடக்கூடாது என்றுதான் அவர் பலகை வைத்தார். எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் படியைப் பார்க்கவில்லை. அப்பா மேல் உங்களுக்குக் கோபம் வரலாம். அவர் மறைத்தது உண்மை. ஆனால் தனக்காக மறைக்கவில்லை. அவருடைய கோட்டு இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது. அவரால் அதைப் போட முடியாது.

வியாழக்கிழமை உங்கள் அழைப்புக்காகக் காத்திருப்போம்.

உண்மையுள்ள,
சியாசி (சாட்சி, புருவ அறிவிப்பாளர்)

*

துப்பிக் விரிகுடா
மார்ச் 11, திங்கள்

அன்புள்ள திருமதி மெக்கார்வி அவர்களுக்கு,

விசாரணை முடிந்ததும் நீங்கள் விடுப்பை ஒரு வாரம் நீட்டியதால் மார்ச் 4 அன்று அப்பா குழாயைத் தூக்கவில்லை. உங்கள் முடிவு பள்ளியின் முகவரிக்கு வந்தது. ஆசிரியை வகுப்பிலேயே உறையைத் திறக்க அனுமதித்தார். "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற சொல் வரும்வரை சத்தமாகப் படித்தேன். மீதியை என் தோழி படித்தாள். வீட்டில் அந்தக் கடிதம் ரொட்டி டப்பாவுக்கு அடியில் போகவில்லை. டப்பாவுக்கு மேலே சாய்த்து வைத்திருக்கிறோம்.

இங்கே நடந்தவற்றைச் சொல்கிறேன். விசாரணைக்கு மறுநாள் காலையில் ஜெய்பிட்டியும் மற்றவர்களும் அலுவலக வாசலுக்குப் போனார்கள். பலகையில் 541 இருந்தது. ஜெய்பிட்டி அதைத் தன் கையுறையால் அழித்தார். (எந்தக் கையுறை என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவர் சொல்ல மறுக்கிறார்.) பிறகு என்ன எண் எழுதுவது என்று தெரியாமல் பள்ளிக்கு ஆள் அனுப்பி என்னைக் கேட்டார்கள். அப்பா விழுந்த நாளிலிருந்து கணக்கிட்டு 52 என்று சொன்னேன். ஆனால் கூட்டத்தில் ஒருவர் தயங்கிக்கொண்டே, ஜனவரி கடைசியில் கொட்டகையில் தன் விரல் நசுங்கியது என்றார். இன்னொருவர் தன் விலா எலும்பைப் பற்றிச் சொன்னார். மூன்றாமவர் நேற்று என்றார். கடைசியில் பலகையில் 1 என்று எழுதினார்கள்.

திரு. பென்ஃபோல்ட் வெளியே வந்து பலகையைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார். அழிக்கத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்களாம். அவர் அதில் மூக்கைச் சிந்திவிட்டு, "எங்கெங்கே வழுக்குதுன்னு ஒவ்வொருத்தரா வந்து சொல்லுங்க" என்று உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். மதியம்வரை வரிசை நின்றதாம். வேலையில் இல்லாதவர்களும் நின்றார்களாம்.

கோட்டுகளைத் திருப்பி அனுப்ப முடியவில்லை, பெயர் தைத்திருக்கிறதே. லிபீக்காவும் இன்னும் நாலு பேரும் உட்கார்ந்து எல்லா முதுகிலும் ஐந்தை மட்டும் பிரித்து எடுத்துவிட்டார்கள். இப்போது அப்பாவைத் தவிர மற்றப் பத்துப் பேரும் "விபத்தில்லா நாட்கள் 00" என்று போட்டுக்கொண்டு திரிகிறார்கள். முன்பைவிட இப்போதுதான் அதிகம் போடுகிறார்கள். திரு. பென்ஃபோல்டும் தனக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டாராம்.

பள்ளி மேடைக்கு இரும்புக் கம்பித் தட்டு வாங்க ஒப்புதல் ஆகிவிட்டது. கப்பலில்தான் வரும், ஆகவே ஆகஸ்டில். அதுவரை எட்டாம் வகுப்பு மாணவர்கள் தினமும் பனிக்கட்டியைக் கொத்திச் சரளை தூவ வேண்டும். இதற்குக் காரணம் நான் என்று வகுப்பில் பலருக்கு என்மேல் வருத்தம்.

இனி, நீங்கள் தொலைபேசியில் கேட்க முடியாத ஒன்று.

விசாரணையில் நான் ஒவ்வொரு முறையும், "பதிவுக்காக: புருவம் உயர்ந்தது", "பதிவுக்காக: மூக்கு" என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் இடையில் இருமுறை சிரித்தார். நீங்கள் ஒரு முறை சிரித்தீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள், "விழுந்த உடனே யாரிடமாவது சொன்னீர்களா?" என்று கேட்டபோது அப்பா புருவத்தையும் உயர்த்தவில்லை, மூக்கையும் சுருக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதிவுக்காக: எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அது சரியான பதிவு இல்லை. என் வாக்குமூலத்திலும் இதை நான் எழுதவில்லை. பதினாலு பக்கத்திலும் எழுதவில்லை.

நூலக ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. வெளியே இருக்கும் சத்தம் கேட்காது. அப்பா கீழே கிடந்தபோது அவர் வாய் மட்டும் தெரிந்தது. அடிபட்டால் யாரும் கூப்பிடுவது போல அம்மா என்று கூப்பிட்டார். வேறு யாராவது பார்த்திருந்தால் செத்துப்போன அம்மாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். அவர் ஜன்னலைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை அந்த நேரத்தில் நான் அங்கேதான் இருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

நான் கோட்டும் பூட்ஸும் இல்லாமல் ஓடினேன். அவர் அதற்குள் எழுந்து உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கியிருந்தார். "காலுல ஒண்ணும் போடாம வந்துட்டியேம்மா, உனக்கு அறிவிருக்கா?" என்று திட்டினார். நானும் சிரித்தேன். பிறகு அவர் ஒன்பது வீட்டுக்குப் போனார். நான் கழிவறையில் போய் உட்கார்ந்து மணி அடிக்கும்வரை வெளியே வரவில்லை. பதின்மூன்று நாள் நானும் யாரிடமும் சொல்லவில்லை, திருமதி மெக்கார்வி. எனக்கும் அந்தக் கோட்டில் ஆசை இருந்தது. அப்பாவுடைய கோட்டுப் பெட்டியை நான் இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

வரும் வியாழக்கிழமை அப்பா விமானத்தில் உங்கள் நகரத்துக்கு வருகிறார். அங்கே ஓர் இரவு தங்கி மறுநாள் தெற்கே பெரிய மருத்துவமனைக்குப் போவார். துணைக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றார்கள்; லிபீக்கா வருகிறார். எனக்குப் பள்ளி இருக்கிறது. சரளையும் இருக்கிறது. அப்பா நேற்றே பெட்டி கட்டிவிட்டார். சிவப்புக் கோட்டை வலது கை நுழையாமல் தோளில் போர்த்திக்கொண்டு வருவார். முதுகில் 00 இருக்கும், கூட்டத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

உங்களுக்கு நேரம் இருந்தால் விமான நிலையத்தில் அவரைப் பாருங்கள். நேரம் இல்லாவிட்டால், மருத்துவமனைக்கு நீங்கள் அனுப்பும் காகிதங்களில் இதை மட்டும் எழுதிவிடுங்கள். அவனிடம் எதைக் கேட்டாலும் முகத்தைப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள். வலி எத்தனை என்று கேட்டு அவன் இரண்டு என்றால் நம்ப வேண்டாம். மயக்க மருந்து தெளியும்போது அவன் அம்மா என்று கூப்பிட்டால், அவன் அம்மா எப்போதோ இறந்துவிட்டாள், ஏதோ உளறுகிறான் என்று விட்டுவிட வேண்டாம். எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்றரை வரை பள்ளி எண், நூலகத்தில் இருப்பேன். மற்ற நேரம் வீட்டு எண். இரண்டையும் கீழே எழுதியிருக்கிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

நீங்களும் உங்கள் வீட்டாரும் விழாமல் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

சியாசி
லூகாசியின் அம்மா